தட்டிப் பார்த்த கிண்ணம்

அன்புள்ள தம்பிக்கு,

வழிபாட்டுக் கருத்தரங்குக்குப் போய் வந்ததைப் பற்றிப் கோயில் பங்கு மடலுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று நம் பங்குச் சாமியார் கேட்டிருந்தார். போனது அவரும் நானும்தான் என்பதால் தட்டிக் கழிக்க முடியவில்லை. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், 'பங்கு மக்கள் அனைவருக்கும் வணக்கம்' என்ற வரிக்கு மேல் பேனா நகர மாட்டேன் என்கிறது. சொல்ல வேண்டியவனுக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்ல வாய் எப்படி வரும்? அதனால் முதலில் உனக்கு எழுதுகிறேன். நீ படித்த பிறகு இதையே மடலில் போட்டாலும் எனக்குச் சம்மதம். நாலு பேர் முன்னால் பெருமை பேசினவன் நாலு பேர் முன்னாலேயே தலையைக் குனிந்து நிற்கட்டும்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உனக்குத் தெரியும். நீ செய்து, உன் அம்மா கதிரும் திராட்சைக் கொத்தும் வரைந்த, பூசையில் திராட்சை ரசம் ஊற்றுகிற அந்தக் கிண்ணம் இப்போது இல்லை. உடைத்தவன் நான். கை தவறவில்லை, பூனை தள்ளவில்லை, வேண்டுமென்றே கல்லை எடுத்து உடைத்தேன். போன வாரம் நீ குஜராத்திலிருந்து போன் போட்டு, "அப்பா, என் கல்யாணப் பூசைக்கு அம்மா கிண்ணத்தத்தான் வைக்கணும்னு சாமியார்கிட்ட சொல்லிடுங்க. பத்திரமா இருக்குது இல்ல?" என்று கேட்டாயே, அப்போதே அது மண்ணுக்குள் கிடந்தது. நான் "இருக்குதுப்பா" என்றேன். அந்த ஒரு வார்த்தையும் பொய்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கருத்தரங்கு கடலூர்ப் பக்கம், வெள்ளியும் சனியும். போய் இறங்கியதும் ஆளுக்கு ஒரு துணிப்பை, ஒரு பேனா, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை. அட்டையில் என் பெயரும், அதற்குக் கீழே 'வழிபாட்டுக் குழு, விருத்தாசலம்' என்றும் போட்டிருந்தது. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வைக்கோலும் அட்டைப்பெட்டியுமாக லாரிக்குப் பின்னாலேயே காலம் தள்ளினவன் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? நடையே மாறிவிட்டது எனக்கு. முதல் நாள் சொன்னதெல்லாம் நல்ல விஷயம்தான். பாடகர் குழு தன் குரலைக் காட்டுவதற்கு இல்லை, மக்களைப் பாட வைப்பதற்கு என்றார்கள். வாசகம் வாசிக்கிறவர் வீட்டிலேயே ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டு வர வேண்டும் என்றார்கள். அறிவிப்பு பிரசங்கத்தை விட நீளமாகப் போகிறது என்று ஒரு சிஸ்டர் சொன்னபோது மண்டபமே சிரித்தது. கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறவர் பீடத்தில் ஏறி நின்று சாமியாரையே நகரச் சொல்கிறாராம். உன் கல்யாணத்தை நினைத்து அதை மட்டும் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். மங்கலம்பேட்டை ஸ்டுடியோக்காரரிடம் படிக்கு இந்தப் பக்கமே நிற்கணும் என்று சொல்லியும்விட்டேன். கடைசியில் ஒருவர், பூசையில் நன்மை அப்பம் வாங்கிய பிறகு கொஞ்ச நேரம் வாயை மூடி உட்கார்ந்திருப்பதும் வழிபாடுதான் என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டு என்ன பிரயோஜனம், மறுநாளே வாயைத் திறந்தேன்.

சனிக்கிழமை காலை, பூசைப் பாத்திரங்களைப் பற்றிய பேச்சு. பேசியவர் வயதான சாமியார், அதிர்ந்து பேசாத மனிதர். பேசி முடித்து, யாருக்காவது கேள்வி இருக்குதா என்றார். எனக்குக் கேள்வி ஒன்றும் இல்லை தம்பி. எனக்கு வேண்டியது கைதட்டல். எழுந்தேன், மைக்கையும் வாங்கிக்கொண்டேன். "சாமி, எங்க ஊரு செராமிக் ஊரு. என் மகன் செராமிக் டிப்ளமோ படிச்சவன். அவன் கையால செஞ்ச கிண்ணத்துலதான் எங்க ஊர்ல திருவிழாப் பூசையே நடக்குது" என்றேன். நம் பங்குச் சாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் சட்டையின் ஓரத்தை லேசாக இழுத்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

"எதுல செஞ்சதுங்க ஐயா? பீங்கானா?" என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

"ஆமாங்க சாமி. நல்லா சுட்ட சரக்கு, கல்லு மாதிரி இருக்கும்."

"சந்தோஷம். ஆனா பீங்கான், மண்ணு, கண்ணாடி, இந்த மாதிரி ஒடையிற பொருள்ல ஆண்டவரோட ரத்தத்த வைக்கக்கூடாதுன்னு திருச்சபை சொல்லியிருக்குதுங்களே. கை தவறிடுச்சின்னா என்ன ஆவும், நெனச்சிப் பாருங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. குத்திக்காட்டவில்லை, சிரிக்கவில்லை. பின்வரிசையில் எவனோ ஒருவன்தான், "நல்லவேள, டீ கிளாஸ்ல வைக்காம வுட்டாங்க" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். நம் சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அந்தக் கிண்ணத்தைத் தொட்டுத் துடைத்து வைத்தவன், அதைக் காட்டிக் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். டீ நேரத்தில் அந்தப் பெரியவரே தேடி வந்து என் தோளில் கை வைத்தார். "மனசுல வச்சிக்காதீங்க ஐயா. பூசைக்கு வேண்டாம், அவ்ளோதான். பத்திரமா எடுத்து வைங்க, புள்ள செஞ்சது" என்றார். பத்திரமா எடுத்து வைக்கத்தான் சொன்னார். அதை நான் தெளிவாகக் கேட்டேன். பழியை அவர்மேல் போட எனக்கு வழியே இல்லை.

நம் சாமியாருக்கு அங்கே வேறு கூட்டம் இருந்தது. மத்தியானம் நான் மட்டும் பஸ் ஏறினேன். வடலூர் தாண்டும் வரை ஒன்றுமில்லை. நெய்வேலி வந்ததும் அந்தச் சிரிப்பு காதுக்குள் ஆரம்பித்தது. சிரித்தவர்கள் அப்போதே மறந்திருப்பார்கள், அவரவர் ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருந்திருப்பார்கள். நான்தான் மறக்கவில்லை. என் கோபம் உனக்குத் தெரியும். யார்மேல் வருகிறதோ அவர்களிடம் போகாது, கையில் அகப்பட்டதன்மேல் இறங்கும். விருத்தாசலத்தில் இறங்கியவன் வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் கோயிலுக்குப் போனேன். வழிபாட்டுக் குழு என்று சாவி வேறு என் இடுப்பில்தான் இருந்தது. பீடத்துக்குப் பின்னால் பூசை உடுப்பு வைக்கிற அறையைத் திறந்து, அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்தேன். சாமியார் மந்திரித்த பொருள் பழசானால் குப்பையில் போடாமல் உடைத்துப் புதைப்பதோ எரிப்பதோ நம்மிடம் உள்ள வழக்கம்தானே. அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். நான் செய்வது பக்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். கோயிலுக்குப் பின்னால், உடைந்த புனிதர் சுரூபங்களைப் புதைக்கிற வேப்பமரத்தடியில் கிண்ணத்தைத் துண்டில் வைத்தேன். கேட் சாத்திக்கொள்ளாமல் அண்டை கொடுக்கிற கல்லை எடுத்து வந்தேன். கல்லை ஓங்குவதற்கு முன்னால் என் கை தானாகப் போய் விரலை மடக்கிக் கிண்ணத்தைத் தட்டியது. நீயும் அந்தத் தொழிலில் இருக்கிறாய், உனக்கு விளக்க வேண்டியதில்லை. பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு உருப்படியையும் தட்டித்தான் பார்ப்பேன். மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல், கழிவுக் குவியலில் போட்டு உடைத்துவிடுவோம். கணீரென்றால் நல்ல சரக்கு, வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றலாம். கிண்ணம் கணீரென்றது தம்பி. பழைய வேலைக்காரன் காதுக்கு அதில் சந்தேகமே இல்லை. நல்ல சரக்கு என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் உடைத்தேன். சட்டத்துக்காக உடைப்பவன் தட்டிப் பார்க்க மாட்டான். எனக்கு மானம் போயிருந்தது, அதற்கு ஏதாவது ஒன்று உடைய வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்த சாமியார் அலமாரியைத் திறந்து பார்த்தார். "ஐயா, அந்தக் கிண்ணத்த எங்க வச்சிருக்கீங்க?" என்றார். "ஒடச்சிப் பொதச்சிட்டேன் சாமி" என்றேன். நல்ல பிள்ளை என்று சொல்வார் என்றுகூட ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். அவர் ஒரு கை உடுப்புக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யாருங்க ஐயா ஒடைக்கச் சொன்னது? பஸ்ல வரும்போதெல்லாம் அதத்தான யோசிச்சிட்டு வந்தேன். ரசத்துக்கு வைக்கக் கூடாது, சரி. நான் கை கழுவுற தண்ணிக்கு வச்சிக்கலாம். அப்பவும் அது பீடத்துலதான இருக்கும். உங்க வீட்டம்மா வரைஞ்சதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். அன்றைய பூசையில் நான் மன்றாட்டு வாசிக்க வேண்டியவன். வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டேன். எல்லாரும் சேர்ந்து சொல்கிற 'என் பாவமே' வந்தபோது மார்பில் அறைந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கிண்ணம் என்னவென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, நான் அறியாமல் செய்யவில்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும். அம்மா அப்போது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். பொம்மைக் கம்பெனியில் கண்ணும் புருவமும் எழுதியே பழகின கை, தூரிகை பிடிக்கவே நடுங்கியது. முன்பிருந்த சாமியார் திருவிழாவுக்கு நம்ம ஊர்க் கிண்ணம் ஒன்று வேண்டும் என்று உன்னிடம் கேட்டார். நீ சக்கரத்தில் வைத்துச் செய்தாய், அவள் கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து வரைந்தாள். பளபளப்பு ஏற்றுகிற கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கும்போது நானே பிடிக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்து, அடிப்பாகத்தில் அவள் கட்டைவிரல் பதிந்துவிட்டது. நீ துடைக்கப் போனாய். "வுடுடா, அடியில யாரு பாக்கப் போறாங்க" என்றாள். அந்த விரலடையாளத்தோடுதான் அது சூளைக்குப் போனது. அடுத்த திருவிழாவுக்கு அவள் இல்லை. அவளுடைய அடக்கப் பூசையிலும் அந்தக் கிண்ணம்தான் உயர்ந்தது. நீ அப்போது அழாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். இவ்வளவும் தெரிந்தவன்தான் கல்லைத் தூக்கினேன்.

நீ போனை வைத்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்த் தோண்டினேன். பெரிய ஆழத்தில் ஒன்றும் புதைக்கவில்லை. கதிர் ஒரு துண்டில், திராட்சை நாலைந்து துண்டில். அடிப்பாகம் மட்டும் உடையாமல் இருந்தது, அதில் அவள் விரல் அப்படியே இருக்கிறது. மண்ணைக் கழுவி, பழைய வேலைக்காரன் செய்வதுபோல வைக்கோல் சுற்றி ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கினேன். உடைந்துபோன சரக்கை நான் பெட்டி கட்டுவது இதுதான் முதல்முறை. அம்மாவின் தூரிகைகள் இருக்கிற பீரோத் தட்டில் வைத்திருக்கிறேன். ஒட்டிப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது, விட்டுவிட்டேன். என்ன செய்வது என்று நீ முடிவு பண்ணு. எறிந்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், நான் பண்ணியதை வைத்துத்தான் சொல்கிறேன். வெளியில் பட்ட அவமானத்தை வீட்டுக்குள் கொண்டுவராதே. ரெஜினா நல்ல பெண். கம்பெனியில் எவனோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டான் என்று அவள் வைத்த குழம்பில் குறை கண்டுபிடிக்காதே. நான் கண்டுபிடித்திருக்கிறேன். உன் அம்மா பதில் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு போவாள், நான் ஜெயித்துவிட்டதாக நினைப்பேன். இன்னொன்று, கோபத்தில் ஏதாவது செய்யப் போகும்போது பக்கத்தில் இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேள். அன்றைக்கு நான் நேராக வீட்டுக்கு வந்திருந்தால், வீட்டில் கேட்பதற்கு ஆளாக உன் அம்மா இருந்திருந்தால், "மொதல்ல கை கால் கழுவிட்டு டீ குடிங்க, அப்பறம் ஒடைக்கலாம்" என்றிருப்பாள். டீ குடித்து முடிப்பதற்குள் எனக்குக் கோபம் போயிருக்கும். உனக்குக் கேட்க ஆள் வருகிறாள். கேட்டுக்கொள்.

எழுதிக்கொண்டே வரும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. நீ பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கம்பெனிக்கு வருவாய். ஒருநாள் அம்மாவுக்கு உதவுகிறேன் என்று பொம்மைத் தட்டைத் தூக்கி, படியில் தடுக்கிப் போட்டுவிட்டாய். எல்லாருக்கும் முன்னால் அறைந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சொன்னாள்: "ஒடையாத சரக்குதான் வேணும்னா இரும்புக் கடைக்கு வேலைக்குப் போயிருக்கணும். புள்ள இன்னும் சாப்புடல, போயி கூப்புடுங்க." நான் கூப்பிடவில்லை. அதோடும் விட்டேனா? பீடத்தில் உதவி செய்ய நீ சேர்ந்தபோது, ரசக் குப்பியை எடுத்துக்கொடுக்கிற வேலையை உனக்குக் கொடுத்தார்கள். நான் பூசை தொடங்குவதற்கு முன்னால் ஓடிப்போய், "சாமி, வேற பையன்கிட்ட கொடுங்க, இவன் ஒடச்சிடுவான்" என்றேன். நீ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். அப்புறம் நீ அங்கே இருந்த காலம் முழுக்க மணி மட்டும்தான் அடித்தாய். இன்றைக்கு எவ்வளவு மெல்லிய சரக்கையும் உன்னை நம்பி ஒப்படைக்கிறார்கள். நீ எதையும் உடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

நேற்று சாமியார் உன் கல்யாணப் பூசையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார். யார் வாசகம், யார் மன்றாட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். காணிக்கைப் பவனியில் அப்பத் தட்டை ரெஜினாவின் அம்மா கொண்டுவருகிறார்களாம். ரசக் குப்பி நம் வீட்டுப் பங்கு. அம்மா இருந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. "நீங்கதான ஐயா எடுத்துட்டு வரீங்க?" என்று கேட்டுவிட்டு எழுதப் போனார். "எழுதாதீங்க சாமி, பையனக் கேட்டுட்டு சொல்றேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பேனாவை மூடிவிட்டார்.

கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடக்க வேண்டும். நீயும் ரெஜினாவும் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். குப்பி கண்ணாடி, தம்பி. என் கையில் கொடுக்கலாமா?

உன் அப்பா